கூடினர், கைகுலுக்கினர், கலைந்தனர்!

(நாகப்பட்டினம் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நாகப்பட்டினத்துக் கடற்கரையிலே, அலையோசைக்கும் ஒலிபெருக்கிக்கும் நடைபெற்ற போட்டிக்கு இடையே நான் பேசிய பேச்சை, ஞாயிறு ஏட்டைக் கையிலேந்தி அமர்ந்திருக்கும் உங்களுக்காக எழுத்தாக்கித் தருகிறேன். பேச எழுந்ததும், முன்னே மணலில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். "தம்பி, சுத்தியிருக்கிற நாட்டுக்காரங்க எல்லாம் ஒண்ணாக் கூடிப் பேசுறாங்கன்னு சொல்றியே, எங்க புள்ளைங்க படகைப் பத்தி அங்க ஒரு வார்த்தை பேசினாங்களா?" என்று கேட்டார். எழுதி வைத்திருந்த குறிப்பை மடித்துச் சட்டைப் பையிலே போட்டுவிட்டேன். அந்தத் தாயின் கேள்விக்கு விடை கூற முயன்றதே அன்றைய பேச்சாயிற்று.

கூடுகின்ற அமைப்பின் பெயர் சார்க். தெற்காசிய நாடுகளின் ஒத்துழைப்புக் கூட்டமைப்பு என்பது அதன் விரிந்த பெயர். எண்ணத்தை முதலில் விதைத்தவர் வங்காள தேசத்தின் தலைவர் சியாவுர் ரகுமான். 1981-இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். விதைத்தவர் முளையைக் காணவில்லை. 1985 டிசம்பரில் டாக்கா நகரிலே ஏழு நாட்டுத் தலைவர்கள் கூடினர். இந்தியாவின் ராஜீவ் காந்தி, பாகிஸ்தானின் சியா உல் ஹக், இலங்கையின் ஜெயவர்த்தனா, நேபாளத்து மன்னர், பூட்டான் மன்னர், மாலத்தீவின் கயூம், வீட்டுக்காரராக வங்காள தேசத்தின் எர்ஷாத். மன்னர் இருவர், படைத்தலைமையிலிருந்து ஆட்சிக்கு வந்தோர் இருவர், வாக்குப் பெற்று வந்தோர் எஞ்சியவர்! காணக் கிடைக்காத காட்சியன்றோ! 2007-இல் ஆப்கானிஸ்தானும் சேர, எழுவர் எண்மராயினர். செயலகம் காட்மாண்டுவிலே.

இந்த அமைப்புக்கு ஒரு சாசனம் உண்டு. அதிலே பத்தாவது பிரிவு என்று ஒன்றும் உண்டு. அது என்ன சொல்கிறது? முடிவு எதுவாயினும் எல்லோரும் ஒப்பவேண்டும். சரி, நல்லது. அடுத்து? இரு நாடுகளுக்கு இடையிலுள்ள சிக்கல்களையும், கருத்து மாறுபாட்டுக்கு இடமான பொருள்களையும் பேச்சில் எடுக்கக் கூடாது! ஆற்று நீரா? அது இரு நாட்டுச் சிக்கல். காஷ்மீரா? மூச்சு விடாதே. மீனவரா? முடியாது. பின் எதைப் பேசுவது? வானிலை, வேளாண்மை, அஞ்சல், விளையாட்டு. தேவையற்றவை என்று நான் கூறவில்லை. ஆனால் வீடு பற்றி எரிகையில் வெள்ளையடிப்பது பற்றிப் பேச எட்டுப் பேர் எதற்கு?

அந்தப் பிரிவைச் சேர்த்தவர்களை மூடர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியா அதை விரும்பியது. ஏன் விரும்பியது என்பதும் விளங்காத புதிரன்று. ஆறு சிறியவர்களும் ஒன்று சேர்ந்து பெரியவனை நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்டால் என்னாவது என்கிற அச்சம். சிறியவர்களுக்கோ, பெரியவன் தங்கள் வீட்டுக்குள்ளே நுழைந்து நாட்டாண்மை செய்வானோ என்கிற அச்சம். இரண்டு அச்சங்கள் கைகோத்துப் பெற்ற பிள்ளைதான் பத்தாம் பிரிவு.

நான் கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டு வந்தவன். அரசியல் நூல்களைத் தேர்வுக்காகப் படித்தவர்கள் என்னைப் பொறுத்தருள்க. ஆனால் நாடகம் எழுதுபவன். மேடையிலே நடப்பது ஒன்று, திரைக்குப் பின்னே நடப்பது வேறொன்று என்பதை அறிந்தவன். ராஜா வேடக்காரருக்கும் மந்திரி வேடக்காரருக்கும் சம்பளத் தகராறு என்றால், கொலு மண்டபக் காட்சியிலா அதைத் தீர்ப்பார்கள்? ஒப்பனை அறையிலே தீர்ப்பார்கள். சார்க் மாநாட்டிலும் மேடைப் பேச்சைப் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டவர்கள், ஒப்பனை அறையைப் பார்க்கத் தவறியவர்கள்.

பெங்களூருக்கு வாருங்கள். 1986 நவம்பர் 16, 17. இரண்டாவது உச்சி மாநாடு. கருநாடகத்திலே அன்று இராமகிருஷ்ண ஹெக்டேயின் ஆட்சி. மேடையிலே ஏழு தலைவர்கள் ஒத்துழைப்பு, ஒற்றுமை, உயர்வு என்று பேசிக்கொண்டிருந்தனர். ஈழத் தமிழர் சிக்கல் நிகழ்ச்சி நிரலிலே உண்டா? இல்லை, இருக்க முடியாது, பத்தாம் பிரிவு காவல் நிற்கிறதே! ஆனால் அதே ஊரிலே, அதே நாள்களிலே நடந்தது என்ன? ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் தனித்தமர்ந்து அதைத்தான் பேசினர். மாநாட்டுக்குச் சில நாள் முன்னே, நவம்பர் 8-ஆம் நாள், தமிழ்நாட்டிலே தங்கியிருந்த போராளிகளின் படைக்கலங்களைக் காவல்துறை ஒரே மூச்சில் பறித்திருந்தது. ஆயுதத்தைப் பறித்த கை காயுமுன்னே, பிரபாகரனும் ஆலோசகர் பாலசிங்கமும் வானூர்தியிலே பெங்களூருக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். முதலமைச்சர் எம்.ஜி.ஆரும் அங்கே வரவழைக்கப்பட்டார்.

கொண்டுவந்து வைத்த திட்டம் என்ன? கிழக்கு மாகாணத்தை மூன்று கூறாக்குவது. தமிழர்க்கு ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று, சிங்களவர்க்கு ஒன்று. வடக்கும் கிழக்கும் ஒன்றாக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு, கிழக்கையே மூன்றாகத் தருகிறோம் என்பது விடை! புலிகள் மறுத்தனர். மாநாடு முடிந்தது, மாலைகள் வாடின. அடுத்த மாதம் இந்திய அமைச்சர்கள் சிதம்பரமும் நட்வர் சிங்கும் கொழும்பு சென்று பேசினர். அதுவும் நிலைக்கவில்லை. 1987 மே மாதம் வடமராட்சியிலே இலங்கைப் படை நுழைந்தது. சூன் 4-ஆம் நாள் யாழ்ப்பாணத்தின் மீது இந்திய வானூர்திகள் உணவுப் பொட்டலங்களை வீசின. சூலை 29-இல் கொழும்பிலே ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்பட்டன. அந்த இணைப்பு செல்லாது என்று 2006-இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க, 2007 தொடக்கத்தில் பிரிந்தன.

பெங்களூர் பேச்சு தோற்றது என்பீர்கள். ஆம், தோற்றது. யார் வாழ்வைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களைப் பக்கத்து அறையிலே காவலில் வைத்துக்கொண்டு, "ஒப்புக்கொள்" என்பது பேச்சு வார்த்தையாகுமா? அது என் குறை. ஆனால் சந்தித்ததே தவறு என்று ஒருநாளும் கூறமாட்டேன். அடுத்த எட்டு மாதம் எது எதைப் பற்றி மோதினார்களோ, அது அத்தனையும் அந்த இரண்டு நாளிலே மேசை மீது வைக்கப்பட்டுவிட்டது.

இன்னொன்றையும் கேளுங்கள். 1988 டிசம்பர், இஸ்லாமாபாத் மாநாடு. இளம் பெண் பெனாசிர் பிரதமராகி ஒரு மாதம் கூட ஆகவில்லை. ராஜீவ் சென்றார். மாநாடு முடிந்ததும் டிசம்பர் 31-ஆம் நாள் ஓர் ஒப்பந்தம்: ஒருவர் அணு நிலையத்தை மற்றவர் தாக்குவதில்லை. அதன்படி, 1992 முதல் ஆண்டுதோறும் சனவரி முதல் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைக் கைமாற்றிக்கொள்கின்றன. கார்கில் போர் வந்தது. நாடாளுமன்றத்தின் மீது தாக்குதல் வந்தது. மும்பைப் படுகொலை வந்தது. பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. 2025 மே மாதம் இரு நாடுகளும் ஏவுகணை வீசிக்கொண்டனவே, அதே ஆண்டின் சனவரி முதல் நாளும் பட்டியல் கைமாறியிருந்தது! கூடினர், கைகுலுக்கினர், கலைந்தனர் என்று நாம் கேலி பேசுகிறோம். நானும் பேசுபவன்தான், தலைப்பைப் பாருங்கள். ஆனால் அந்தக் கலைந்த கூட்டம் விட்டுச் சென்ற காகிதம் ஒன்று அணுப் பேரழிவுக்கு நடுவே ஒரு மெல்லிய வேலியாக நிற்கிறது.

2002 சனவரியில் காட்மாண்டு. சில வாரம் முன்னே நாடாளுமன்றத்திலே குண்டுமழை. எல்லையிலே இலட்சக்கணக்கில் படைவீரர். வான்வழி அடைபட்டது. அதனால் பாகிஸ்தான் தலைவர் முஷாரப், பக்கத்திலிருக்கும் நேபாளத்துக்குச் சீனத்தைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்! தம் உரையை முடித்தார்; நேரே வாஜ்பாயிடம் நடந்தார்; கையை நீட்டினார். முதியவர் எழுந்தார், குலுக்கினார். அரங்கமே ஆர்ப்பரித்தது. நாடக ஆசிரியன் என்ற முறையிலே சொல்கிறேன், அந்தக் காட்சியை எழுத எனக்குத் துணிவு வந்திராது. வாஜ்பாய் மயங்கினாரா? இல்லை. நீட்டிய கையை வரவேற்கிறேன், உங்கள் மண்ணிலிருந்து பயங்கரம் புறப்படாமல் தடுத்து அதை மெய்யாக்குங்கள் என்னும் பொருள்படத் தம் உரையிலே பதில் தந்தார். ஈராண்டு கழித்து, 2004 சனவரியில் அதே வாஜ்பாய் மாநாட்டுக்காக இஸ்லாமாபாத் சென்றார். பாகிஸ்தான் வசமுள்ள எந்தப் பகுதியையும் பயங்கரத்துக்குத் துணைபோக விடமாட்டேன் என்கிற உறுதியை முஷாரப் எழுத்திலே தந்தார். 2005-இல் ஸ்ரீநகரிலிருந்து முசாபராபாத்துக்குப் பேருந்து ஓடியது.

குண்டு வைப்பவனோடு விருந்தா என்று கேட்போர் உளர். அவர்களை நான் எள்ளி நகையாட மாட்டேன். உறுதி தந்த பின்னும் 2008-இல் மும்பையிலே 166 உயிர் பலியாயிற்று. 2016 செப்டம்பரில் உரி முகாமிலே படைவீரர்கள் மாண்டனர். சினம் எழாதவன் மனிதனா? அந்தச் சினத்திலே இந்தியா, நவம்பரில் இஸ்லாமாபாத்தில் நடக்கவிருந்த பத்தொன்பதாவது மாநாட்டுக்கு வரமாட்டேன் என்றது. வங்காள தேசமும் பூட்டானும் ஆப்கானிஸ்தானும் உடன் விலகின. மாநாடு நின்றது. அன்று அது நியாயமாகவே பட்டது. ஆனால் ஒரு மாநாட்டைத் தள்ளிவைப்பது வேறு. மாநாடு என்பதையே மறந்துவிடுவது வேறு. 1989-இல் இந்தியப் படை தன் மண்ணில் இருக்கும்வரை மாநாட்டை நடத்தமாட்டேன் என்றது இலங்கை. படை 1990 மார்ச்சில் திரும்பியது, அதே நவம்பரில் மாலேயிலே கூடினர். 1991-இல் பூட்டான் மன்னர் வர இயலாததால் கொழும்பு மாநாடு தடைப்பட்டது. டிசம்பரிலே ஒரே நாள் கூட்டமாக நடந்தது. பாபர் மசூதி இடிக்கப்பட்ட பின் 1992-இல் டாக்கா மாநாடு தள்ளிப்போய், 1993 ஏப்ரலில் நடந்தது. முன்னெல்லாம் ஊடல், பின் கூடல். 2016-க்குப் பின்னோ ஊடல் மட்டுமே!

2020 மார்ச்சிலே கொள்ளை நோய் வந்தபோது, பிரதமர் மோடி காணொளியிலே அண்டை நாடுகளை அழைத்தார். ஒரு கோடி டாலர் நிதி அறிவித்தார். நோய்க்கு எல்லையில்லை என்று அன்று புரிந்தது. 2021-இல் நியூயார்க்கிலே கூடவேண்டிய வெளியுறவு அமைச்சர்களோ, ஆப்கன் நாற்காலியில் யார் அமர்வது என்ற வழக்கிலே கூடாமலே போயினர்.

பாகிஸ்தான் இல்லாத மேடை ஒன்று போதும் என்பது தில்லியின் புதுக் கணக்கு. வங்கக் கடலோர நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு 1997-இல் பாங்காக்கில் பிறந்தது. நன்று, அதை வளர்க்கட்டும். ஆனால் 2025 ஏப்ரலில் அதன் பாங்காக் மாநாட்டிலே உலகம் எதைப் பார்த்தது? மேடையையா? இல்லை. வங்காள தேசத்திலே ஆட்சி கவிழ்ந்தபின் முதன்முறையாக மோடியும் யூனுசும் தனித்துச் சந்தித்தனரே, அதைத்தான். அங்கும் ஒப்பனை அறைதான் நாடகம்! அந்த அறையிலே பாகிஸ்தானுக்கு இடமில்லை, ஆப்கனுக்கு இடமில்லை, மாலத்தீவுக்கும் இடமில்லை. சிக்கல் மிகுந்தவனோடு பேசத்தானே அறை வேண்டும்?

வாணிகத்தைப் பாருங்கள். தடையிலா வாணிகப் பரப்பு என்று 2004-இல் கையெழுத்திட்டனர். உலக மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் வாழும் இந்த மண்டலத்திலே, நாடுகள் தமக்குள் செய்யும் வாணிகம் மொத்தத்தில் ஐந்து விழுக்காட்டளவே. ஆயினும் 2014 நவம்பரில் காட்மாண்டுவிலே கடைசியாகக் கூடினார்களே, அந்த மாநாட்டின் கதை வேடிக்கையானது. நவாஸ் ஷெரீப் மேடையிலே நடந்து செல்ல, மோடி ஏதோ ஒரு நூலைப் படித்துக்கொண்டிருக்கும் படம் ஏடுகளிலே வந்தது. மூன்று உடன்பாடுகளில் ஊர்தி உடன்பாடும் இரயில் உடன்பாடும் பாகிஸ்தானின் தயக்கத்தால் நின்றன. மாநாடே கவிழும் நிலை. மறுநாள் துலிக்கேல் என்ற மலையூருக்குத் தலைவர்களைத் தனியே அழைத்துச் சென்றனர். மாலையிலே மின்சக்தி உடன்பாடு கையெழுத்தாயிற்று! பத்தாண்டு கழித்து, 2024 அக்டோபரில் நேபாளமும் இந்தியாவும் வங்காள தேசமும் ஒப்பந்தம் செய்து, நேபாளத்து ஆற்றின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகள் வழியே வங்காள தேசத்துக்குச் செல்ல வழி பிறந்தது. துலிக்கேலில் நடந்தார்களே, அந்த நடையின் கூலி அது என்று நான் கருதுகிறேன்.

இவ்வளவும் கூறிவிட்டு அந்தத் தாயிடம் திரும்பினேன். "அம்மா, உங்கள் படகைப் பற்றி மேடையில் பேசவில்லை, பேசவும் விதியில்லை. ஆனால் 2014 அக்டோபர் 30-இல் தங்கச்சிமடத்து மீனவர் ஐவருக்குக் கொழும்பு நீதிமன்றம் தூக்குத் தண்டனை விதித்தது நினைவிருக்கிறதா?" என்றேன்.

"மறக்குமா தம்பி!"

"நவம்பர் 26-இல் காட்மாண்டு மாநாடு. அதற்கு ஒரு வாரம் முன்னே, ராஜபக்சே ஐவரையும் மன்னித்து விடுவித்தார். தில்லியிலிருந்து பேச்சு நடந்தது. இரு தலைவர்களும் ஒரே மண்டபத்தில் முகம் பார்க்க வேண்டிய நாளும் நெருங்கியிருந்தது. முகம் பார்க்கும் நாள் வருகிறதென்றால், கையிலுள்ள கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தத் தோன்றும் என்பது என் ஊகம். ஊகம்தான், சான்று கேட்காதீர்கள். ஆகவேதான் மாநாடு நடக்கட்டும் என்கிறேன். பத்தாம் பிரிவைத் திருத்தட்டும். திருத்த மனமில்லையேல், மீனவர் சிக்கலை நாள் குறித்து ஒப்பனை அறையிலாவது எடுக்கட்டும். இஸ்லாமாபாத் கசக்கிறதென்றால் காட்மாண்டுவிலேயே கூடட்டும். கேட்கவேண்டியவர்கள் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள். கேட்டார்களா என்று அடுத்த தேர்தலுக்கு அவர்கள் இந்த மணலுக்கு வரும்போது நீங்கள் கேளுங்கள்."

மூதாட்டி முந்தானையிலே ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தார். "அந்தக் கடைசி மாநாடு 2014-ன்னா சொன்னே?"

"ஆமாம், அம்மா."

"அப்ப என் பேரன் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தான் தம்பி. இப்ப அவன் கடலுக்குப் போறான்."