பள்ளித் தோட்டமும் இளையோர் உணவும்



வளரும் பிள்ளைக்கு எது நல்ல உணவு என்பதைப் பாடநூல் கூறுகிறது. தேர்வில் பிள்ளையும் அதனைப் பிழையின்றி எழுதிவிடுகிறது. ஆயினும் அவ்வறிவு உண்கலம் வரை வந்து சேர்வதில்லை. இந்த இடைவெளியைக் குறைப்பதே பள்ளித் தோட்டத்தின் பணி.

2019–21ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 59 விழுக்காட்டினருக்கும், ஆண்களில் 31 விழுக்காட்டினருக்கும் இரத்தசோகை உள்ளது. நகரத்துப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில், மார்ட்டின் லூதர் கிங் நடுநிலைப் பள்ளியில், உணவகம் நடத்திவந்த ஆலிஸ் வாட்டர்ஸ் அம்மையார் 1995ஆம் ஆண்டு ஒரு தோட்டத்துக்கு வித்திட்டார். தார் பூசிக் கிடந்த ஏறத்தாழ ஓர் ஏக்கர் இடம் விளைநிலமாயிற்று. அதனோடு சமையற்கூடமும் வகுப்பறையாக்கப்பட்டது. மாணவர் தாமே விதைத்து, பறித்து, சமைத்து, ஒன்றாக அமர்ந்து உண்டனர். தன் கையால் வளர்த்த கீரையைப் பிள்ளை எளிதில் ஒதுக்குவதில்லை.

இந்திய அரசும் பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டங்களுக்கான வழிகாட்டு நெறிகளை 2019ஆம் ஆண்டில் வெளியிட்டது. நிலமில்லாத நகரப் பள்ளிக்கு மொட்டைமாடியும் சில தொட்டிகளும் போதும். சிறுகீரை ஏறத்தாழ ஒரு மாதத்தில் பறிக்கும் பருவம் எய்தும்.

தோட்டத்தின் விளைச்சல் சிறிது. அது கற்பிக்கும் பாடமோ பெரிது. கீரையிலும் பயறுகளிலும் உள்ள இரும்புச்சத்தில் சிறு பகுதியையே உடல் ஏற்கிறது. உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ கொய்யாவோ சேர்ந்தால் அது மிகும். தேநீர் சேர்ந்தால் குறையும். புலால் உண்ணாத குடும்பத்தார் இதனை அறிந்திருத்தல் இன்றியமையாதது.

தோட்டத்தின் எல்லையை அறிதலும் கல்வியே. வைட்டமின் பி12 சத்துக்குக் கீரையை நம்ப இயலாது. பாலும் தயிரும் அதனைத் தரும். இரத்தசோகை கண்ட பிள்ளைக்குக் கீரை மட்டும் மருந்தாகாது. மருத்துவரின் அறிவுரைப்படி மாத்திரையும் வேண்டும்.

பள்ளி தொடங்கியதை இல்லம் தொடர வேண்டும். வாரத்தில் ஒரு நாளேனும் காய்கறி வாங்குவதையும் சமைப்பதையும் மகளிடம் மட்டுமன்றி மகனிடமும் ஒப்படைத்தல் நன்று. கோடை விடுமுறையில் நீரின்றி வாடிப்போகும் பள்ளித் தோட்டங்கள் பல. அந்நாள்களில் முறைவைத்து நீர் ஊற்றப் பெற்றோர் சிலர் முன்வரின், பள்ளி திறக்கும் நாளில் பிள்ளைகளைப் பசுமை வரவேற்கும்.