கைமாறும் ஆட்சியும் காரியாலயங்களின் கடமையும்



ஆட்சி மாற்றம் என்றவுடன் நம் மனக்கண்முன் வந்து நிற்பவை பதவிப்பிரமாண மேடையும், மாலைகளும், வாத்திய கோஷமுமே. ஆயினும் அந்த ஒருநாள் வைபவத்துக்குப் பின்னே, பெயர் வெளிவராத உத்தியோகஸ்தர்கள் மாதக்கணக்கில் செய்துவைக்கும் ஆயத்தங்களே நெடுங்காலமாக என் சிந்தையைக் கவர்ந்து வந்திருப்பதால், அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு ஜனாதிபதியிடமிருந்து அடுத்தவருக்கு நிர்வாகம் மாறும் விதத்தையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

அந்நாட்டில் தேர்தல் நவம்பரில் நடக்கிறது. பதவியேற்பு ஜனவரி 20. முற்காலத்தில் இந்த இடைவெளி நான்கு மாதமாக இருந்தது. 1860-இல் லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டு, 1861 மார்ச் 4 அன்று பிரமாணம் எடுப்பதற்குள் ஏழு மாநிலங்கள் ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டன. விலகவிருந்த ஹூவரும் பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டும் மனம் ஒவ்வாதிருந்த 1932-33 குளிர்காலத்தில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. 1933-இல் நிறைவேறிய இருபதாவது அரசியல் திருத்தம் இடைவெளியைச் சுருக்கிற்று. ஆனால் நாளைச் சுருக்குவதால் மட்டும் ஞானம் கைமாறிவிடாது. 1945 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் காலமாகி ட்ரூமன் ஜனாதிபதியானபோது, அணுகுண்டு முயற்சியின் முழு விவரமும் அவர் செவிக்கு எட்டியது ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்தே. அதை மறவாத அப்பெருந்தகை, 1952-இல் இரு கட்சி வேட்பாளர்களுக்கும் உளவுத்துறையின் விளக்கங்கள் கிடைக்கும்படி ஏற்பாடு செய்தார்.

அதுவரை தனிமனிதரின் பெருந்தன்மையாக இருந்ததைச் சட்டக் கடமையாக்கியது, 1964 மார்ச்சில் ஜான்சன் கையொப்பமிட்ட ஜனாதிபதி மாற்றச் சட்டம். அதன்படி பொதுச் சேவை நிர்வாகத் துறை வெற்றி பெற்றவருக்குக் காரியாலய இடமும், தொலைபேசியும், ஊழியர் சம்பளமும் அளிக்கிறது. வேட்பாளரின் சொந்தப் பணமும் கட்சி நன்கொடையுமே கதி என்ற நிலை நீங்கிற்று.

இடமும் சம்பளமும் எளிய காரியங்கள். என் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. தேர்தலுக்கு ஆறு மாதம் முன்னரே ஒவ்வோர் இலாகாவும் நிரந்தர உத்தியோகஸ்தர் ஒருவரை இப்பணிக்கென நியமிக்க வேண்டும். அவர் மேற்பார்வையில் தயாராகும் கோப்பைச் சற்றே திறந்து பார்த்தால், வரவு செலவின் நிலை, நீதிமன்றத்தில் நிற்கும் வழக்குகள், காலியான பதவிகள், புதிய தலைவர் முதல் சில வாரங்களுக்குள் ஒப்பமிட்டே ஆகவேண்டிய முடிவுகள் ஆகியவை வரிசையாக எழுதப்பட்டிருக்கும். எழுதுகிறவருக்கு அதைப் படிக்கப்போகிறவர் யாரென்று தெரியாது. அவரும் வாக்களிக்கும் பிரஜைதான், அவருக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. இருந்தும், வருகிறவர் எக்கட்சியினர் ஆனாலும் ஒரே உண்மையை ஒரே அளவில் சொல்ல வேண்டும் என்று, புதிய கர்ணத்திடம் ஊர்க்கணக்கை ஒப்புவிக்கும் பழைய கர்ணத்தின் நேர்மையோடு அவர் எழுதுகிறார். ஜனநாயகத்தின் உயர்ந்த தர்மங்களுள் ஒன்றாக இதை நான் போற்றுகிறேன்.

இத்தனை ஏற்பாட்டுக்கும் திறவுகோல் ஒரே கையில் இருந்ததுதான் குறை. வென்றவர் இன்னாரெனப் பொதுச் சேவைத் துறையின் தலைவர் எழுதிக் கொடுத்தாலொழிய உதவி பிறவாத நிலை இருந்தது. 2000-இல் ஃபுளோரிடா வாக்கு எண்ணிக்கை வழக்கு டிசம்பர் 12 வரை நீண்டதனால் அவகாசத்தில் பாதி கரைந்தது. முக்கிய உத்தியோகஸ்தர்களின் நியமனம் இதனால் தடைப்பட்டதென்று, 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஆராய்ந்த குழு பிற்பாடு சுட்டிக்காட்டிற்று. அந்தக் கஷ்டத்தை அனுபவித்த ஜார்ஜ் புஷ், தாம் விலகும்போது ஒபாமாவுக்கு மனமுவந்து உதவினார். 2009 ஜனவரி 13 அன்று, போகிற அதிகாரிகளும் வருகிற அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து, நாடு தாக்கப்பட்டால் யார் என்ன செய்வது என்று ஒத்திகை பார்த்தார்கள்; பதவியேற்பு நாளை நோக்கிச் சோமாலியத் தீவிரவாதிகளின் அச்சுறுத்தல் பற்றித் தகவல் வந்தபோது, இரு தரப்பாரும் சேர்ந்தே அதை ஆராய்ந்தனர்.

2020-இல் வென்றவரைக் குறிக்கும் பொதுச் சேவைத் துறைத் தலைவரின் கடிதம் நவம்பர் 23 வரை வரவில்லை. அதன் பயனாக 2022-இல் சட்டம் திருத்தப்பட்டது: தேர்தலுக்குப் பின் ஐந்து நாளுக்குள் எவரும் தோல்வியை ஒப்புக்கொள்ளாவிடில், போட்டியிட்ட இருவருக்குமே உதவி அளிக்கப்படும். மிகச் சரியான திருத்தம் என்பதே என் அபிப்பிராயம். ஆனால் கொடுப்பதைக் கட்டாயமாக்கிய சட்டம், பெற்றுக்கொள்வதை இன்னும் வேட்பாளரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. 2024-இல் வென்ற தரப்பு, இவ்வுதவியைப் பெறுவதற்கான பொதுச் சேவைத் துறையின் ஒப்பந்தத்தில் கையொப்பமிடவில்லை. இலாகாக்களின் கோப்புகளைப் பெற வெள்ளை மாளிகையுடன் செய்துகொள்ளும் ஒப்பந்தமும் நவம்பர் 26-ஆம் தேதிதான் நிறைவேறிற்று. அதுவரை அந்தக் கோப்புகள் தயாராகியும் படிப்பாரின்றி இருந்தன. தேர்தலுக்கு முன்பே அவ்வொப்பந்தங்களில் கையொப்பமிடுவது ஒவ்வொரு பிரதான வேட்பாளருக்கும் கடமையென அந்நாட்டுச் சட்டசபை விதிக்க வேண்டும்.