திரும்பி வர யாரைக் கேட்க வேண்டும்?

(சபுராளிகளின் குடும்பத்தாருக்காக நம் அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இன்று பெண்கள் பகுதியில் கூட்டம் அதிகமாக இருப்பதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. பயணம் போகிறவர்களை விட, ஊரில் இருக்கிற உங்களுக்குத்தான் இந்த விவரங்கள் அதிகம் தேவை. "விசா வந்துவிட்டது" என்று போன் வந்தால் தெருவுக்கே தெரிந்துவிடுகிறது. அது என்ன விசா, எத்தனை நாளைக்கு, அதில் என்ன வேலை என்று எழுதியிருக்கிறது என்று கேட்டால், போகிற பிள்ளைக்கும் தெரிவதில்லை, அனுப்புகிற வாப்பாவுக்கும் தெரிவதில்லை. "ஏஜெண்டுக்குத் தெரியும்" என்கிறார்கள்.

நம் அலுவலகத்துக்கு உதவி கேட்டு வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் பாதிக்கு மேல், அங்கே உள்ளே போவதில் வந்த சிக்கல் கிடையாது. வெளியே வருவதில் வந்த சிக்கல். அதனால் இன்றைக்கு அதைப் பற்றியே அதிகம் பேசப் போகிறோம்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பிள்ளை ரியாத்தில் ஹவுஸ் டிரைவர். ஊரில் வாப்பா அஸருக்குப் பிறகு மவுத்தாகிவிட்டார். மகன் வரும்வரை மய்யித்தை வைத்திருக்கலாமா என்று உம்மா கேட்கிறார். டிக்கெட் எடுத்துத் தர நாங்கள் தயாராக இருந்தோம், ரியாத்தில் இருந்த நம்மூர்ச் சகோதரர்களும் தயாராக இருந்தார்கள். ஆனால் டிக்கெட் மட்டும் போதாதே! எக்ஸிட் ரீ-எண்ட்ரி அடிக்க வேண்டும். அதை அடிக்க வேண்டிய கஃபீல், கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார். போன் எடுக்கவில்லை. மறுநாள் லுஹருக்கு ஜனாஸா தொழுகை நடந்தது. மகன் வீடியோவில் பார்த்தார். அவர் கைக்கு எக்ஸிட் வந்தது ஒன்பதாவது நாள். கஃபீல் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். விஷயம் தெரிந்ததும் உடனே அடித்துக் கொடுத்தார், கையில் கொஞ்சம் பணமும் கொடுத்தார். அவர் நல்ல மனிதராக இருந்தும் பிள்ளையால் வாப்பாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதைத்தான் நாம் யோசிக்க வேண்டும்.

சவூதியில் வேலை செய்கிற வெளிநாட்டவர் நாட்டை விட்டு வெளியே போகவும் விசா வேண்டும். லீவில் வந்து திரும்பிப் போக எக்ஸிட் ரீ-எண்ட்ரி. ஒரேயடியாக வர ஃபைனல் எக்ஸிட். ஒருமுறை போய்வரும் ரீ-எண்ட்ரிக்கு இரண்டு மாதம் வரை 200 ரியால், அதற்கு மேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். ஃபைனல் எக்ஸிட் அடித்தால் 60 நாளுக்குள் புறப்பட்டுவிட வேண்டும். இகாமா உயிரோடு இருந்தால்தான் ரீ-எண்ட்ரி கிடைக்கும். ஊருக்கு வந்த இடத்தில் இகாமா முடிந்துபோனாலும் தொந்தரவுதான்.

முன்பெல்லாம் இது முழுக்க முழுக்க முதலாளி கையில் இருந்தது. 2021 மார்ச் 14 முதல் சட்டம் மாறியது. கம்பெனியில் வேலை செய்கிறவர் அப்ஷிர் மூலமாகத் தானே ரீ-எண்ட்ரிக்கு விண்ணப்பிக்கலாம். முதலாளிக்குத் தகவல் போகும், அவ்வளவுதான். நல்ல மாற்றம். ஆனால் அந்தச் சலுகையில் சேராதவர்கள் யார் தெரியுமா? வீட்டு வேலை செய்கிறவர்கள், வீட்டு டிரைவர்கள், தோட்டக்காரர்கள், விவசாய வேலைக்காரர்கள், ஆடு ஒட்டகம் மேய்ப்பவர்கள். நம்மூரிலிருந்து எத்தனை பேர் ஹவுஸ் டிரைவர் விசாவில் இருக்கிறார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். "விசா எதுவாக இருந்தால் என்ன, அங்கே போய் நான் கடையில்தான் நிற்கப் போகிறேன்" என்று போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். பேப்பரில் நீங்கள் யாரோ, சட்டத்துக்கு நீங்கள் அவர்தான்.

ஃப்ரீ விசா என்கிறார்களே, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. ஒருவர் பெயரில் விசா, வேறு ஒருவரிடம் வேலை. பிடிபட்டால் இரண்டு பக்கமும் குற்றம். கஃபீலுக்கு மாதாமாதம் பணம் கட்டுவது ஒரு மாதம் தவறினால், "வேலையை விட்டு ஓடிவிட்டான்" என்று ஹுரூப் போட்டுவிடலாம். அதற்குப் பிறகு இகாமாவைப் புதுப்பிக்கவும் முடியாது, நேராக ஊருக்கு வரவும் முடியாது. இதற்கு நாலு லட்சம், ஐந்து லட்சம் என்று நகையை அடகு வைக்கிறோம்.

மற்ற நாடுகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கத்தாரில் 2018-ல் பெரும்பாலான தொழிலாளர்களுக்கு எக்ஸிட் பெர்மிட் எடுக்கப்பட்டது. 2020 ஜனவரியில் வீட்டு வேலைக்காரர்களுக்கும் எடுத்துவிட்டார்கள். குவைத் எதிர்த்திசையில் போயிருக்கிறது. 2025 ஜூலை 1 முதல் தனியார் கம்பெனி விசாவில், அதாவது 18-ம் நம்பர் விசாவில் இருப்பவர்கள், புறப்படுவதற்கு முன் முதலாளியின் அனுமதியை ஆன்லைனில் வாங்கியாக வேண்டும். அமீரகத்தில் எக்ஸிட் கேட்பதில்லை. ஆனால் சாதாரண ரெசிடென்ட் விசாக்காரர் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் விசா செல்லாமல் போகும். உம்மாவுக்கு ஆபரேஷன், தங்கைக்கு நிக்காஹ் என்று லீவை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் அந்தக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

இனி குடும்ப விசிட் விசா. இங்கே பல சகோதரிகள் அதில் போய் வந்தவர்கள். சவூதியில் குடும்பத்துக்கு இகாமா எடுத்தால் ஒரு தலைக்கு மாதம் இவ்வளவு என்று வரி கட்ட வேண்டும். 2017-ல் 100 ரியாலில் ஆரம்பித்தார்கள். வருடா வருடம் ஏற்றி 2020-ல் 400 ஆக்கினார்கள். மனைவி, இரண்டு பிள்ளைகள் என்றால் வருடத்துக்கு 14,400 ரியால், அதையும் இகாமா புதுப்பிக்கும்போதே முன்கூட்டிக் கட்ட வேண்டும். நடுத்தரச் சம்பளக்காரர் எங்கே போவார்? குடும்பத்தை ஊருக்கு அனுப்பினார்கள். இல்லாவிட்டால் ஒரு வருட மல்டிபிள் விசிட் விசாவில் கூப்பிட்டுக்கொண்டார்கள்.

அந்த விசாவில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, விசா எத்தனை நாள் செல்லும் என்பது, 365. இன்னொன்று, ஒருமுறை நுழைந்தால் எத்தனை நாள் தங்கலாம் என்பது, 90. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, "எனக்கு ஒரு வருட விசா" என்று நிம்மதியாக நாலாவது மாதம் வரை இருந்தவர்கள் உண்டு. 90 நாள் என்றால் மூன்று மாதம் என்று எண்ணுவதும் தப்பு. ஜூலை முதல் தேதி போனவருக்கு செப்டம்பர் 28-ம் தேதியே 90 ஆகிவிடும். நுழைந்த நாளையும் சேர்த்து எண்ணி, நாலைந்து நாள் முன்னதாகவே வெளியேறுவதுதான் புத்தி.

அந்த 90 நாள் முடிவதற்கு முன் வெளியே போய்த் திரும்பத்தான் தம்மாம் பக்கத்தில் இருப்பவர்கள் பஹ்ரைன் பாலத்துக்குப் போவார்கள். 1986-ல் திறந்த மன்னர் ஃபஹத் பாலம், கடல் மேல் 25 கிலோமீட்டர். நடுவில் செயற்கையாகக் கட்டிய தீவில் இமிக்ரேஷன். வெள்ளிக்கிழமை வண்டிக்குள் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவர்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். பத்துப் பதினைந்து வருடத்துக்கு முன் துபாயில் விசிட்டில் வேலை தேடியவர்கள், ஈரானின் கீஷ் தீவுக்கு விமானம் ஏறி, புது விசா வரும்வரை அங்கே கட்டிலுக்கு வாடகை கொடுத்துக் கிடந்ததும் இதே கதைதான்.

பாலத்துக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை இருக்கின்றன. பஹ்ரைனுக்குள் நுழையத் தனி விசா தேவையா என்பதை அன்றைய நிலவரப்படி விசாரிக்க வேண்டும். சவூதிக்குத் திரும்ப விசாவில் நாள் மிச்சம் இருக்கிறதா பார்க்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டையும் பாருங்கள். பெரியவர்களுக்குப் பத்து வருடம், சிறுவர்களுக்கு ஐந்து வருடம்தான். நம் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பிள்ளையுடையதைப் பார்க்காமல் விட்டுவிடுகிறோம்.

2025 பிப்ரவரியில் இந்தியா உள்ளிட்ட 14 நாட்டவர்களுக்கு இந்த மல்டிபிள் விசா கொடுப்பதை சவூதி நிறுத்தியது. ஒருமுறை நுழைவு, 30 நாள் என்று ஆனது. விசிட் விசாவை நம்பி வீடு பிடித்து, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கி வைத்தவர்கள் என்ன செய்வார்கள்? விதி இனிமேலும் மாறும், தளரும், இறுகும். அதனால் விசிட் விசாவில் போகிறவர்கள் விருந்தாளியாகப் போங்கள். ஊரில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகாதீர்கள்.

தங்கும் நாள் தாண்டினால் கூப்பிட்டவருக்கும் அடி விழும். 2025-ல் சவூதி உள்துறை அறிவித்தபடி, தான் அழைத்து வந்தவர் நாள் தாண்டித் தங்கியதைத் தெரிவிக்காத வெளிநாட்டவருக்கு 50,000 ரியால் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை, நாடு கடத்தல். மாமியார் இன்னும் பத்து நாள் இருக்கட்டும் என்று பிரியத்தில் நிறுத்திவைத்தால், மருமகன் வேலையே போய்விடும்.

ஹஜ் விஷயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். மகன் ஜித்தாவில் இருக்கிறான், விசிட்டில் போய் அப்படியே ஹஜ்ஜையும் முடித்துவிடலாம் என்று பெற்றோர் ஆசைப்படுவது இயல்புதான். ஆனால் விசிட் விசா ஹஜ்ஜுக்குச் செல்லாது. 2025-ல் துல்கஃதா முதல் நாளிலிருந்து துல்ஹஜ் 14 வரை விசிட் விசாவில் மக்காவுக்குள் நுழைந்தாலோ தங்கினாலோ 20,000 ரியால் வரை அபராதம் என்று அறிவித்தார்கள். அவருக்கு விசா எடுத்துக் கொடுத்தவருக்கு ஒரு லட்சம் ரியால் வரை. அனுமதி இல்லாமல் ஹஜ் செய்ய முயன்ற வெளிநாட்டவரை நாடு கடத்திப் பத்து வருடம் நுழையத் தடை. "செக்போஸ்ட் இல்லாத பாதை தெரியும்" என்று சொல்லும் டிரைவரை நம்பி, வயதானவர்களைப் பாலைவன வெயிலில் இறக்கிவிடாதீர்கள்.

இப்போது ஊரிலிருந்து புறப்படும் பிள்ளைகளுக்கு வருவோம். பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. வளைகுடா நாடுகள், மலேசியா உட்பட 18 நாடுகளுக்கு அவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும். இதை வீண் அலைச்சல் என்று நினைத்து, "விசிட்டில் அனுப்பி அங்கே மாற்றிக்கொள்ளலாம்" என்று ஏஜெண்ட் சொல்வதைக் கேட்கிறோம். அந்த அனுமதி வாங்கிப் போனவருடைய ஒப்பந்தம் அரசாங்கத்தின் பதிவில் இருக்கும். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் பத்து லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் இருக்கும். விசிட்டில் போனவருக்கு இரண்டும் இல்லை. அங்கே ஒன்று ஆகிவிட்டால் அவர் சுற்றுலா வந்தவர், அவ்வளவுதான். பதிவு பெற்ற ஏஜெண்ட் விதிப்படி வாங்கக் கூடியது 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும். அவர் பதிவு பெற்றவரா என்று இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். பட்டம் படிக்கிற பிள்ளை எந்த வீட்டில் இல்லை? அவர்களிடம் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே விசா முடிந்து மாட்டிக்கொண்டிருப்பவர்களின் குடும்பங்களும் இங்கே இருக்கிறீர்கள். எங்களுக்குத் தெரியும், கூச்சப்பட வேண்டாம். அமீரகத்தில் நாளுக்கு 50 திர்ஹம் அபராதம் ஏறுகிறது. ஒரு வருடத்தில் 18,250 திர்ஹம். ஒளிந்திருக்க ஒளிந்திருக்க ஏறும். 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் முடிய அங்கே பொதுமன்னிப்பு கொடுத்தார்கள். அபராதம் இல்லாமல், மறுபடி நுழையத் தடை இல்லாமல் ஊர் வந்தவர்கள் உண்டு. பயந்துகொண்டு அதையும் விட்டவர்கள் உண்டு. பாஸ்போர்ட் இல்லாதவருக்குத் தூதரகம் எமர்ஜென்சி சர்டிபிகேட் கொடுக்கும், நாம் அவுட் பாஸ் என்போமே, அது. ஊர் வந்து சேர மட்டும்தான் செல்லும். டிக்கெட்டுக்கும் வழியில்லாதவருக்குத் தூதரகத்தின் இந்திய சமூக நல நிதி இருக்கிறது. 'மதத்' என்ற இணையதளத்தில் குடும்பத்தார் இங்கிருந்தே புகார் பதியலாம். சென்னையில் அயலகத் தமிழர் துறையும் இருக்கிறது. இதற்கெல்லாம் புரோக்கருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்த மனு எதை எழுதினாலும் பாஸ்போர்ட் நம்பர், விசா அல்லது இகாமா நம்பர், கஃபீல் அல்லது கம்பெனி பெயர், போன் நம்பர் கேட்பார்கள். அது ஊரில் யார் கையிலும் இருப்பதில்லை. நாலு வருடமாகக் கணவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியும், யாரிடம் இருக்கிறார் என்று தெரியாது. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது என்பார்கள். சவூதியிலும் அமீரகத்திலும் அப்படிப் பிடித்துவைப்பது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். ஆனாலும் நடக்கிறது. அதனால்தான் நகல் வீட்டில் இருக்க வேண்டும் என்கிறோம். ஒவ்வொரு முறை இகாமா புதுப்பித்ததும் ஒரு படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பச் சொல்லுங்கள். போனில் மட்டும் வைக்காமல், பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். பின்பக்கத்தில் கஃபீலின் நம்பரோடு, அவர் வீட்டில் இன்னொருவருடைய நம்பரையும் எழுதுங்கள். ஹவுஸ் டிரைவராக இருக்கிற பிள்ளைகள், கஃபீல் வெளியூர் போவதற்கு முன்பே, "வீட்டில் வாப்பா முடியாமல் இருக்கிறார், அவசரம் என்றால் யாரிடம் கேட்பது?" என்று கேட்டு வைக்கட்டும். ரீ-எண்ட்ரியை அவர் இருக்கிற நாட்டிலிருந்தே அப்ஷிரில் அடித்துவிடலாம், போனை எடுத்தால் போதும்.

மக்ரிபுக்குப் பிறகு அலுவலகத்தில் இரண்டு பேர் இருப்போம். விசா நகலைக் கொண்டு வாருங்கள். அரபியில் இருந்தாலும் பரவாயில்லை, மதரஸா உஸ்தாத் படித்துச் சொல்ல ஒப்புக்கொண்டிருக்கிறார். வேலை என்ன என்று எழுதியிருக்கிறது, எந்தத் தேதி முடிகிறது, வெளியே வர யார் அனுமதி வேண்டும் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்துவிடுகிறோம். இன்னும் டிக்கெட் போடாதவர்கள் முதலில் வாருங்கள்.