கார் திக்கினால் என்ன செய்வது?

சென்னை பள்ளிக்கரணையிலிருந்து துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் ஏறுகிறீர்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கார் ஒரு நொடி திக்கிவிட்டு, பிறகுதான் இழுக்கிறது. பின்னால் தண்ணீர் லாரி வரும்போது அந்த ஒரு நொடி ஆபத்தானது. நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

பெட்ரோல் காரில் பெரும்பாலும் அடைத்த ஏர் ஃபில்டர், அழுக்குப் படிந்த த்ராட்டில் பாடி, தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில் இவற்றில் ஒன்றுதான் காரணம். நம் பக்கத்தில் தேங்கிய மழைநீரில் ஓட்டிய பிறகு திக்க ஆரம்பித்தால், முதலில் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, மெக்கானிக்கிடம் ஸ்கேனர் போடச் சொல்லுங்கள். இரண்டாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர் என்று காட்டினால், அந்தக் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டட்டும். பிழையும் மூன்றாவதுக்குப் போனால் காயில்தான் பழுது. அந்த ஒன்றை மாற்றினால் போதும், நான்கும் வேண்டாம்.

சர்வீஸ் சென்டரில் எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங் என்று பட்டியல் நீளும். காரோடு வந்த கையேட்டில் எத்தனை கிலோமீட்டருக்கு எதை மாற்ற வேண்டும் என்று அட்டவணையே இருக்கிறது. அதில் இல்லாத வேலை என்றால், எந்தச் சோதனையில் இது தேவை என்று தெரிந்தது எனத் தயங்காமல் கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டி போய்விடுமோ என்ற பயம் பலருக்கு. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. வெளியில் பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்து செய்யக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு.