வலிப்பு: பொதி கட்டுமுன் ஒரு பேச்சு

(ஹெவ்லொக் டவுனில், மீள்குடியேறும் குடும்பங்களின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பொதி கட்டுகிற அவசரத்தில் முதலில் மறந்துபோவது கிளினிக் கொப்பிதான். வீட்டில் யாருக்காவது வலிப்பு இருந்தால் அதை உடுப்புப் பெட்டிக்குள் போடாமல் கைப்பையில் வையுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மூளையின் நரம்புக் கலங்கள் மிகச் சிறிய மின்சாரத்தால்தான் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அது சில கணங்கள் கட்டுமீறிப் பாய்ந்தால் உடல் விறைக்கும், கைகால் இழுக்கும், நினைவு தப்பும். இது பேய்க்குணமும் அல்ல, செய்வினையும் அல்ல, தொற்றவும் மாட்டாது. 6 மாதம் முதல் 5 வயது வரையான பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வருவது பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். ஆனாலும் முதல்முறை வந்தால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகத்தான் வேண்டும்.

எங்கள் சனத்தில் பலருக்கு வேறொரு காரணம் இருக்கிறது. ஷெல் துண்டு பட்டுத் தலை காயப்பட்டவர்களுக்கு, காயம் ஆறிப் பல வருடம் கழிந்தும் முதல் வலிப்பு வரலாம். வைத்தியர் கேட்டால் மறைக்காதீர்கள். எம்.ஆர்.ஐ. இயந்திரம் ஒரு பெரிய காந்தம். உடம்பில் இரும்புத் துண்டு இருந்தால் அதை அசைத்துவிடும். முன்கூட்டியே சொன்னால் எக்ஸ்ரே பிடித்துப் பார்ப்பார்கள், அல்லது சி.டி. ஸ்கானோடு நிறுத்துவார்கள். பழைய கதையைக் கிளற மனமில்லாமல் இருப்பது விளங்குகிறது. ஆனால் இந்த இடத்தில் சொல்லியே ஆகவேண்டும்.

பரிசோதனையில் முதலாவதற்கு இயந்திரமே இல்லை. அது கண்டவரின் வாக்கு. எந்தப் பக்கத்துக் கை முதலில் இழுத்தது, கண் எங்கே திரும்பியது, எத்தனை நிமிடம், தெளிந்தபின் குழப்பமாக இருந்தாரா என்பதெல்லாம் நோயாளிக்குத் தெரியாது. ஆகவே பார்த்தவரே கிளினிக்குக்குப் போகவேண்டும். தொலைபேசியில் எடுத்த வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

பிறகு இரத்தத்தில் சீனியும் உப்புகளும் பார்ப்பார்கள். இதயக் கோளாறாலும் ஆட்கள் விழுவதால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள். ஈ.ஈ.ஜி. என்பது தலையில் வயர்களை ஒட்டி மூளையின் மின்சாரத்தைப் பதிவது. ஷொக் கொடுப்பதல்ல, நோகாது. முதல்நாள் தலைமுழுகி, எண்ணெய் வைக்காமல் போங்கள். ஒன்று கவனியுங்கள்: வலிப்பு உள்ளவருக்கும் ஈ.ஈ.ஜி. சரியாக வரலாம். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள்.

வலிப்பு வந்தால் கையில் திறப்பைத் திணிக்க வேண்டாம், வாய்க்குள் கரண்டி வைக்க வேண்டாம், தண்ணீர் பருக்க வேண்டாம். பக்கவாட்டில் சரித்து, தலைக்குக் கீழே துணி வைத்து, மணிக்கூட்டைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளியுமுன் மறுபடி வந்தால், 1990 சுவசெரிய அம்புலன்சைக் கூப்பிடுங்கள். காசு இல்லை.

இனிக் கொப்பியின் கதை. வலிப்பு மாத்திரை சட்டென நின்றால் நிற்காத வலிப்பு வரலாம். அது உயிரைக் கொண்டுபோகும். இடம் மாறும் வாரத்தில்தான் இது நடக்கும். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலோ களுபோவிலையிலோ பொரளை சிறுவர் வைத்தியசாலையிலோ மருந்து எடுப்பவர்கள், போகுமுன் மாற்றுக் கடிதமும் ஒரு மாத மாத்திரையும் கேட்டு வாங்குங்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலோ உங்கள் மாவட்ட வைத்தியசாலையிலோ அந்தக் கடிதத்தையும் கொப்பியையும் காட்டிப் பதியலாம். அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். சோடியம் வல்புரோவேட் எடுக்கும் பெண்கள் பிள்ளை பெற எண்ணினால் முதலில் வைத்தியரிடம் கதையுங்கள். அது வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். ஆனால் தாமாக நிறுத்தக்கூடாது.

ஊரில் பல கிணறுகளுக்கு இன்னும் கட்டு இல்லை. வலிப்புள்ளவர் தனியே தண்ணீர் அள்ளப் போகவேண்டாம். யாராவது அள்ளிக் கொடுங்கள்.