மூன்றாவது படத்தில் வந்த பேய்

(தலைப்பு: அறிவியல் வளர வளர மனிதனின் வியப்பு குறைகிறதா? வளர்கிறதா? 'வளர்கிறதே!' என்ற அணியில் பேசியது.)

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசி எல்லாரையும் பயமுறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே, சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து பார்க்கிற தாய்மார்களே!

சகோதரி கேட்டார்: "எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி, எங்க பிள்ளைகளுக்கு ஆச்சரியப்பட ஒண்ணுமே இல்லாமப் பண்ணிட்டீங்களே, இது நியாயமா?" நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். எதிரணியா இருந்தாலும் நல்லாப் பேசினா தட்டணும் இல்லையா? (சிரிப்பு)

அதற்கு அவர் காட்டிய சாட்சி ஒரு போட்டோ. மெக்சிகோ நாட்டிலே சிச்சென் இட்சா என்று ஓர் ஊர். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் மாயர்கள் வாழ்ந்த பெரிய நகரம், இன்றைக்கு இடிபாடு. நடுவிலே குகுல்கான் என்கிற சிறகு முளைத்த பாம்புத் தெய்வத்துக்குக் கட்டிய படிப் பிரமிடு, சுமார் 30 மீட்டர் உயரம். 2009இல் குடும்பத்தோடு சுற்றுலா போன ஒருவர் அதைச் செல்போனில் படம் எடுத்தார். பார்த்தால், பிரமிடு உச்சியிலிருந்து வானம் வரைக்கும் ஓர் ஒளித்தூண்! "அது என்னன்னு ஆராயாதீங்க, கும்பிட்டுக்கோங்க" என்கிறார் சகோதரி.

நான் ஆராய்வேன். அவர் எடுத்தது ஒரு படம் இல்லை நடுவர் அவர்களே, மூன்று! மழை இருட்டிக்கொண்டு வருகிற நேரம். முதல் இரண்டு படத்தில் பிரமிடு, கருமேகம், அவ்வளவுதான். மூன்றாவதில்தான் தூண். அதே மூன்றாவதில்தான் பின்னால் ஒரு மின்னலும் இருக்கிறது. படம் எடுத்த நேரத்தில் அந்தத் தூணை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. நம்ம ஊர்ப் பேய் பரவாயில்லைங்க, தனியாப் போறவன் கண்ணுக்காவது தெரியும். இந்தப் பேய் செல்போனுக்கு மட்டும்தான் தெரியுது! (பலத்த சிரிப்பு)

2012இல் இந்தப் படம் உலகம் சுற்றியது. ஏன் 2012இல்? அந்த வருஷம் டிசம்பர் 21ஆம் தேதி மாயர் காலண்டர் முடியுது, உலகமும் முடியுது என்று கிளப்பிவிட்டிருந்தார்களே! "பார்த்தீர்களா, பிரமிடே சிக்னல் கொடுக்குது" என்றார்கள். 22ஆம் தேதி காலையில் பால்காரர் வழக்கம்போல வந்தார். (கைதட்டல்)

அமெரிக்காவில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில், செவ்வாய்க் கிரகத்திலிருந்து விண்கலங்கள் அனுப்பும் படங்களோடு வேலை செய்கிற ஓர் ஆராய்ச்சியாளரிடம் இந்த மூன்று படங்களும் போயின. கேமராக்கள் பண்ணுகிற சேட்டையெல்லாம் பார்த்துப் பழகிய கண்! அவர் அந்தத் தூணை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தார். படத்தில் இம்மி பிசகாமல் செங்குத்து. செல்போனுக்குள்ளே ஒளியை வாங்குகிற சில்லில், நம்ம கட்டம்போட்ட நோட்டு மாதிரி, நுணுக்கு நுணுக்காகக் கட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கும். படம் பிடித்த அந்த நொடியில் மின்னல் வெட்ட, அந்த வெளிச்சத்தில் மேலிருந்து கீழாக ஒரு வரிசை மட்டும் தடுமாறியிருக்கும், அல்லது லென்சுக்குள்ளேயே ஒளி பிரதிபலித்து விழுந்திருக்கும் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது பழமொழி. இங்கே அரண்டது கண் இல்லை, கேமரா!

சரி, பேய் போச்சு. வியப்பும் போச்சா? அதுதானே இன்றைய வழக்கு!

அந்தப் பிரமிடுக்கு நாலு பக்கமும் படிக்கட்டு. ஒரு பக்கத்துக்கு 91 படி. நாலு பக்கம் சேர்த்தால் 364. உச்சி மேடையையும் ஒரு படியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், 365! ஒரு வருஷத்தையே கல்லிலே அடுக்கி வைத்திருக்கிறான் ஐயா! பகலும் இரவும் சமமாக வருகிற மார்ச் மாதத்திலும் செப்டம்பரிலும் சாயங்கால வெயிலில் போய் நில்லுங்கள். வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோணம் முக்கோணமாக வெளிச்சம் விழும். அடியிலே கல்லால் செய்த பாம்புத் தலை. வெளிச்சம்தான் உடம்பு. பொழுது சாயச் சாயப் பாம்பு இறங்கி வருகிற மாதிரியே இருக்கும். கட்டினவன் இதைக் கணக்குப் போட்டே வைத்தானா என்று அறிஞர்களுக்குள்ளே வழக்கு இருக்கிறது. இருக்கட்டும். இந்த ஒளி செல்போனுக்கு மட்டும் தெரிகிற ஒளி இல்லை, கண் உள்ள எல்லாருக்கும் தெரியும்!

இன்னொன்று. அந்தப் படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒரு தட்டுத் தட்டினால், திரும்பி வருவது கைதட்டல் இல்லை, 'கீச்'சென்று ஒரு பறவைக் குரல்! அந்த நாட்டுக் கெட்சால் பறவை கூவுகிற மாதிரியே இருக்கும். கீழ்ப்படிகளில் பட்ட சத்தம் நெருக்கி நெருக்கித் திரும்பும், மேற்படிகளில் பட்டது இடைவெளி விட்டு விட்டுத் திரும்பும். அதனால் கீச்சென்று தொடங்கித் தாழ்ந்து முடியும். விளக்கம் சொல்லிவிட்டேன். அந்தக் குரலைக் கேட்கணும் போல இருக்கா, இல்லையா? ("இருக்கு, இருக்கு!" என்று அரங்கில் குரல்கள்)

ஒளித்தூணைக் கும்பிடுகிற கூட்டத்தில் சிலர், "இதை மனுஷன் கட்டியிருக்க முடியாது, வேற்றுக்கிரகவாசி கட்டினது" என்கிறார்கள். அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 1562இல் மானி என்கிற ஊரில் தியேகோ தெ லாண்டா என்கிற ஸ்பானியப் பாதிரியார் மாயர்களின் சுவடிகளைக் குவித்துக் கொளுத்தினார். இன்றைக்கு உலகத்தில் மிஞ்சியிருக்கிற பழைய மாயர் சுவடிகள் நாலே நாலு! ஓலைச்சுவடியைக் கரையானுக்குக் கொடுத்த ஊர்க்காரன் நான், அந்த வயிற்றெரிச்சல் எனக்குத் தெரியும். புத்தகத்தை ஒருத்தன் கொளுத்தினான். மிச்சம் இருக்கிற கட்டடத்தின் பேரையும் வேற்றுக்கிரகத்துக்கு எழுதிக் கொடுத்தால் அந்த மக்களுக்கு என்னதான் மிஞ்சும்?

அந்த மக்கள் எங்கேயும் மறைந்து போய்விடவில்லை. அந்த யுகட்டான் பகுதியில் மாயா மொழி பேசுகிறவர்கள் இன்றைக்கும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். பிரமிடுக்குப் போகிற பாதையோரத்தில் மரத்தில் செதுக்கிய பொம்மையும் முகமூடியும் விற்கிறார்கள். சுற்றுலா போகிற நாம் அவர்களைத் தாண்டிப் போய், வானத்திலே ஆவி தெரியுதா என்று...

(நடுவர் மணி அடிக்கிறார்.)

முடிக்கிறேன் நடுவர் அவர்களே. சகோதரி அவர்களுக்கு ஒரே ஒரு கேள்வி. அந்த மனிதர் முதல் இரண்டு படங்களை அழித்துவிட்டு மூன்றாவதை மட்டும் உங்களிடம் கொடுத்திருந்தால், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள். (கைதட்டல்)