ஐம்பத்தாறு கண்ணியில் ஒரு குல்லா

(வடக்குப்பட்டில் சபைப் பெண்களும், அருகிலுள்ள விடுதிகளில் தங்கி வேலைக்குச் செல்லும் தங்கைமாரும் கூடிய கைவேலைக் கூட்டத்தில் எங்கள் பிரசவ வார்டு செவிலியர் ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்களுக்காக இங்கே தருகிறோம்.)



ஆராதனை முடிந்து வீட்டு வேலையை ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் இரவு ஷிப்ட் முடிந்து, தூக்கத்தையும் விட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறோம்.

உங்கள் வடக்குப்பட்டில் 2022ஆம் ஆண்டு மத்திய தொல்லியல் துறையார் தோண்டியபோது ஆதி மனிதர் செதுக்கிய கல் கருவிகள் கிடைத்தன. இன்று பக்கத்து ஒரகடத்தில் காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் தயாராகின்றன. கைவேலை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. நாங்கள் கற்றுத்தர வந்திருப்பது மிகச் சிறிய வேலை: இரண்டு ஊசி, ஒரு உருண்டை நூல், ஒரு குழந்தைக் குல்லா.

"வெயில் கொளுத்துகிற ஊரில் குழந்தைக்குக் குல்லா எதற்கு, சிஸ்டர்?" என்று எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். தாயின் வயிற்றில் குழந்தை ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. பிறந்தவுடன் ஈர உடம்போடு 25 அல்லது 28 டிகிரி உள்ள அறைக்கு வருகிறது. நமக்கு அது இதமான காற்று. நனைந்த குழந்தைக்கு அது குளிர். பிறந்த குழந்தையின் உடல் பரப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தலையே. நம்மைப் போல நடுங்கிச் சூடு உண்டாக்க அதற்குத் தெரியாது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தையாக இருந்தால் தோலுக்கு அடியில் கொழுப்பும் குறைவு.

குழந்தையின் உடல் வெப்பம் 36.5 முதல் 37.5 டிகிரி வரை இருக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாத வீட்டிலும் ஒரு வழி உண்டு. வயிற்றைத் தொடுங்கள், பாதத்தைத் தொடுங்கள். இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் நல்லது. வயிறு சூடாகவும் பாதம் சில்லென்றும் இருந்தால் குழந்தை குளிரோடு போராடத் தொடங்கிவிட்டது. இரண்டுமே சில்லிட்டிருந்தால் காத்திருக்க நேரமில்லை; குழந்தையைத் தாயின் மார்போடு அணைத்தபடியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும்.

குல்லா மட்டும் ஒரு உயிரைக் காப்பாற்றிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. சிறிய குழந்தைக்கு முதல் மருந்து தாயின் மார்புதான். 1978இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் டாக்டர் எட்கார் ரே என்பவர், எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போல் இருந்ததால் 'கங்காரு பராமரிப்பு' என்று பெயர் வந்தது. இந்தியா உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. எடை குறைந்த குழந்தைகளின் உடல்நிலை சீராகட்டும் என்று காத்திராமல், பிறந்த உடனேயே இதைத் தொடங்கியபோது, முதல் 28 நாள் மரணங்கள் நான்கில் ஒரு பங்கு குறைந்தன. 2022இல் உலக சுகாதார நிறுவனமும் அப்படியே செய்யச் சொன்னது.

அப்படி மார்பில் படுத்திருக்கும் குழந்தையின் முதுகைத் துணி மூடுகிறது. மார்பையும் வயிற்றையும் தாய் மூடுகிறாள். வெளியே தெரிவது தலை ஒன்றுதான். அந்தத் தலைக்குத்தான் உங்கள் குல்லா.

இனி, சொல்ல எங்களுக்கே வெட்கமான ஒரு காரியம். சில வருஷங்களுக்கு முன் நம் நண்பர்கள் ஒரு பெரிய பெட்டி நிறையக் குல்லாக்கள் அனுப்பினார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு! உச்சியில் நூல் பந்து, பக்கத்தில் ரிப்பன், முன்னால் மணி. ஆனால் பாதிக்கு மேல் குழந்தையின் கண்ணையும் மூக்கையும் மூடின. சில, வார்டு சலவையில் வெந்நீருக்குப் போய்வந்ததும் எலுமிச்சம்பழம் அளவுக்குச் சுருங்கிவிட்டன. மணி வைத்தவற்றைப் போட எங்களுக்குப் பயம். எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, அனுப்பியவர்களுக்கு நன்றிக் கடிதம் மட்டும் எழுதினோம். மனம் நோகுமே என்று வேறொன்றும் எழுதவில்லை. அடுத்த வருஷமும் அதே மாதிரி ஒரு பெட்டி வந்தது!

அப்போதுதான் துணிந்து உண்மையை எழுதினோம். அனுப்பியவர்களில் வயதான ஓர் அம்மா பதில் எழுதினார்: "இதை முதலிலேயே சொல்லியிருந்தால் என் கண்ணும் பிழைத்திருக்கும், நூலும் பிழைத்திருக்கும். அளவைச் சொல்லுங்கள், பின்னுகிறேன்." தவறு எங்களுடையது. கொடுப்பவர்கள் மனம் நோகக்கூடாது என்று பார்த்தோம். அவர்கள் உழைப்பு வீணாவதைப் பார்க்கவில்லை. ஆகவே இன்று அளவோடு சொல்கிறோம்.

பின்னல் தெரியாது என்று யாரும் சொல்லாதீர்கள். வீட்டில் உள்ள ஒரு பனியனை எடுத்து உற்றுப் பாருங்கள். திருப்பூரில் இயந்திரம் பின்னுவதும் நாம் ஊசியால் பின்னுவதும் ஒரே கண்ணிதான். பனியனின் வெளிப்பக்கம் சிறு சிறு 'வி' எழுத்துகள் வரிசையாகத் தெரியும். அது நிட். உள்பக்கம் சிறு மேடுகள் தெரியும். அது பர்ல். ஒரே கண்ணியின் முகமும் முதுகும் அவை. இந்த இரண்டும் தெரிந்தால் இன்றைய வேலைக்குப் போதும்.

நிட் போட நூல் பின்னால் இருக்க வேண்டும். வலது ஊசியைக் கண்ணியின் முன்பக்கமிருந்து பின்பக்கமாக நுழைத்து, நூலைச் சுற்றி இழுங்கள். பர்ல் போட நூல் முன்னால் இருக்க வேண்டும். ஊசியை வலமிருந்து இடமாகக் கண்ணியின் முன்பக்கத்தில் நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்னால் தள்ளுங்கள். அவ்வளவுதான்.

முதல் பாடம்: சதுரம். எட்டுப் புரி பருத்தி நூலும் 4 மில்லிமீட்டர் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். 40 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட் மட்டும் போடுங்கள். இரண்டு வரிசைக்கு ஒரு மேடு தெரியும். 40 மேடு வந்ததும் கோணலாக மடித்துப் பாருங்கள்; மூலையோடு மூலை சேர்ந்தால் சதுரம் சரி. பக்கத்துக்கு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் இருக்கும். இந்தப் பின்னல் ஓரம் சுருளாது. பிழை செய்தாலும் பெரிதாகத் தெரியாது. இருபது பேர் ஆளுக்கு ஒரு சதுரம் பின்னி, நாலுக்கு ஐந்தாகச் சேர்த்துத் தைத்தால், மார்பில் குழந்தையோடு இருக்கும் தாயைப் போர்த்த ஒரு போர்வை ஆகிவிடும்.

இதே பின்னலுக்கு ஒரு பழைய கதையும் உண்டு. தொழுநோய் மருத்துவமனைகளுக்காக, கடல் கடந்த நாடுகளின் சபைப் பெண்கள் பருத்தி நூலில் நீளமான கட்டுத் துணிகளைப் பின்னி அனுப்பிவந்தார்கள். அவை காற்றோட்டமாக இருக்கும், புண் உள்ள காலுக்கேற்ப வளைந்து கொடுக்கும், வேகவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். அந்த அம்மாமார் பலர் முதன்முதலாகக் கற்ற பின்னலும் இதுவாகத்தான் இருக்கும். நூலும் அளவும் தேவைக்குப் பொருந்தியதால்தான் அது உதவியாயிற்று.

இரண்டாம் பாடம்: குல்லா. அதே நூல், அதே ஊசி. எடை குறைந்த குழந்தைக்கு 56 கண்ணி. நிறைமாதக் குழந்தைக்கு 64 கண்ணி. இரண்டு நிட், இரண்டு பர்ல் என்று வரிசை முழுவதும் போடுங்கள். எல்லா வரிசையும் இப்படியே. இதுதான் ரிப், பனியன் கழுத்துப் பட்டை போல இழுத்தால் விரியும், விட்டால் சுருங்கும். அதனால்தான் சின்னத் தலையில் நழுவாமல் நிற்கிறது. சிறியதற்கு 12 சென்டிமீட்டர், பெரியதற்கு 15 சென்டிமீட்டர் உயரம் வரும்வரை பின்னுங்கள்.

பிறகு ஒரு வரிசை முழுவதும் இரண்டிரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட் போடுங்கள். 56 கண்ணி 28 ஆகும். அடுத்த வரிசை முழுவதும் பர்ல். அடுத்து மறுபடியும் இரண்டிரண்டாகச் சேர்த்து நிட், 14 ஆகும். ஒரு முழத்துக்குக் குறையாமல் நூலை விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்த 14 கண்ணி வழியாக இழுத்து இறுக்கி முடியுங்கள். மீதி நூலால் பக்கத்தைத் தையுங்கள். தையல் தடித்து நிற்காமல் தட்டையாக இருக்கட்டும். குழந்தை அதன்மேல்தான் படுக்கும்.

புதியவர்கள் செய்யும் பிழை ஒன்று உண்டு. நிட்டிலிருந்து பர்லுக்கு மாறும்போது நூலை இரண்டு ஊசிகளுக்கும் நடுவே முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். ஊசிக்கு மேலாகக் கொண்டுவந்தால் ஒரு கண்ணி கூடிவிடும். ஆகவே வரிசை முடிவில் எண்ணிப் பாருங்கள். கண்ணி நழுவி ஏணி போல ஓடினால் பதற வேண்டாம். குரோஷா ஊசியால் படிப்படியாக ஏற்றிவிடலாம்.

சில வேண்டுகோள்கள். நூல் மெத்தென்ற பருத்தியாக இருக்கட்டும். கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள், உறுத்தினால் வேண்டாம். சாயம் போகும் நூலும் வேண்டாம். மணி, பொத்தான், ரிப்பன், நூல் பந்து எதுவும் வேண்டாம். முடித்ததும் துவைத்துக் காயவைத்து, சுத்தமான உறையில் போட்டு, அளவை மேலே எழுதுங்கள். அந்துருண்டை போட்டு மட்டும் வைக்காதீர்கள். நாப்தலீன் வாசனை ஏறிய துணி, பரம்பரையாக ஒருவகைக் குறைபாடுள்ள குழந்தைகளின் இரத்த அணுக்களைச் சிதைத்துக் கடுமையான மஞ்சள் காமாலையை உண்டாக்கக்கூடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறைபாடு என்று பார்த்தால் தெரியாது.

உங்கள் வீட்டுக் குழந்தைக்குப் பின்னுகிறவர்களும் கேளுங்கள். குல்லா நனைந்தால் உடனே கழற்றுங்கள். ஈரக் குல்லா வெறும் தலையைவிட மோசம். வீட்டுக்கு வந்த நிறைமாதக் குழந்தை தனியாகத் தூங்கும்போது குல்லா வேண்டாம். நழுவி முகத்தை மூடும், வெயில் நாளில் சூடும் மிஞ்சும். கங்காரு பராமரிப்பில் உள்ள சிறிய குழந்தைக்கு எப்போது நிறுத்தலாம் என்று வார்டில் கேட்டுக்கொள்ளுங்கள்.

யோப்பா பட்டணத்துத் தொற்காளை நாம் எல்லாரும் அறிவோம். அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டு காட்டியது, அவள் தங்களுக்காகச் செய்துகொடுத்த உடைகளைத்தான். உடுத்துகிறவர்களை அவள் பெயர் சொல்லி அறிந்திருப்பாள். நீங்கள் பின்னும் குல்லாவைப் போடும் குழந்தையின் பெயர் உங்களுக்குத் தெரியாது. பல நேரம் அதற்கு இன்னும் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். அதன் தலையளவு மட்டும் இப்போது உங்களுக்குத் தெரியும். அது போதும்.

ஊசியும் நூலும் பாயில் வைத்திருக்கிறோம். வாருங்கள், முதல் கண்ணியை ஏற்றுவோம். உங்கள் கைகளின் வேலையைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.